எண்ணோடு அதன் பிழையையும் எழுதச் சொன்ன முதுநிலைப் படிப்பு: ஒரு மதிப்பீடு

சூழல்மண்டல அறிவியலும் நிலைத்தன்மையும் என்ற பெயரில், பணியில் இருப்பவர்களுக்கென வகுக்கப்பட்ட முதுநிலைப் பட்டப் படிப்பு ஒன்றை இரண்டரை ஆண்டுகளில் முடித்திருக்கிறேன். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் பிரிவில் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கைகளையும் புகைபோக்கி அளவீடுகளையும் கவனித்துவந்தேன். நிர்வாகம் திடீரென்று ஒரு நாள் எங்கள் ஆலையின் கார்பன் கணக்கைக் கேட்டது. அதை எங்கிருந்து தொடங்குவது என்பதே எனக்குத் தெரியவில்லை என்பதுதான் இந்தப் படிப்பில் சேர்வதற்கான உண்மையான காரணம். பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, இதே வார்ப்பில் அமைந்த படிப்புகள் இன்று பல இடங்களில் நடக்கின்றன, பாடங்களின் பெயர்கள்கூட ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே நான் எழுதுவது அந்த வகைப் படிப்பு எதற்கும் ஓரளவு பொருந்தும்.

முதலில் வடிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆய்வேடு எழுதி முனைவர் பட்டத்துக்குப் போகும் வழக்கமான முதுநிலைப் படிப்பு அன்று இது. தொழில்முறை அறிவியல் முதுநிலை என்னும் வடிவம் 1997 வாக்கில் அமெரிக்காவில் ஸ்லோன் அறக்கட்டளையின் நிதியுதவியோடு பரவத் தொடங்கியது. அறிவியல் பாடங்களோடு மேலாண்மை, சட்டம், தகவல் தொடர்பு ஆகியவற்றையும் சேர்த்து, ஆய்வேட்டுக்குப் பதிலாக ஒரு வெளி நிறுவனத்துக்காகச் செய்யும் நிறைவுத் திட்டப்பணியை வைப்பது அதன் அடிப்படை. நான் படித்ததும் அந்த வகைதான். மாலை நேர இணைய வகுப்புகள், ஆண்டுக்கு ஒரு வாரம் நேரடிக் களப்பயிற்சி, கடைசிப் பருவம் முழுவதும் திட்டப்பணி என்பது ஏற்பாடு. முனைவர் பட்டம் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதில் சேரக் கூடாது. ஆய்வேடு இல்லாததால், பின்னாளில் ஆராய்ச்சி வழிகாட்டி ஒருவரிடம் போய் நிற்கும்போது காட்டுவதற்கு அவர்கள் கையில் ஒன்றும் இருக்காது.

முதல் பருவத்தின் முதன்மைப் பாடம் உயிர்ப்புவி வேதியியல். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவை மண்ணிலும் நீரிலும் உயிர்களிலும் காற்றிலும் எப்படிச் சுற்றிவருகின்றன என்பதைச் சொல்லும் துறை இது. டான்ஸ்லி 1935இல் சூழல்மண்டலம் என்ற சொல்லை உருவாக்கியதும், லிண்டெமன் 1942இல் ஓர் ஏரியின் உணவு உறவுகளை ஆற்றல் ஓட்டமாக எழுதிக் காட்டியதும் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. அதன்பின் மூன்று வாரங்கள் ஒரே ஒரு காட்டில்தான் இருந்தோம். நியூ ஹாம்ப்ஷயர் மலைப் பகுதியில் உள்ள ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காடு அது. சிறு நீர்ப்பிடிப்பு (மழைநீர் ஒரே ஓடையில் வந்து சேரும் நிலப்பரப்பு) ஒன்றின் அடிப்பாறை நீரை ஊடுருவ விடாது என்றால், மழையாக வருவதையும் ஓடையாக வெளியேறுவதையும் அளந்தாலே உள்ளே நடப்பதைக் கணக்கிட்டுவிடலாம் என்று போர்மனும் லைக்கன்சும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் 1963இல் அங்கே அளக்கத் தொடங்கினார்கள். 1965இன் இறுதியில் ஒரு நீர்ப்பிடிப்பின் மரங்கள் அனைத்தையும் வெட்டி, அங்கேயே கிடக்க விட்டு, மறுபடி தளிர்க்காதபடி களைக்கொல்லியும் தெளித்தார்கள். முதல் ஆண்டில் ஓடைநீரின் அளவு எதிர்பார்த்ததைவிட 39 விழுக்காடு கூடியது. ஓடைநீரின் நைட்ரேட் பல பத்து மடங்கு உயர்ந்து குடிநீர் வரம்பைத் தாண்டியது. வேர்கள் உறிஞ்சாததால், நுண்ணுயிர்கள் ஆக்கிய நைட்ரேட் நீரோடு போய்விட்டது.

இந்த வரலாறு பல பாடநூல்களில் உண்டு. எங்கள் ஆசிரியர் அதைக் கதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை என்பதில்தான் பாடத்தின் தரம் தெரிந்தது. ஓடையின் செறிவு அட்டவணையையும் நீரோட்ட அட்டவணையையும் தனித்தனியாகக் கொடுத்து, ஓர் ஆண்டில் ஒரு ஹெக்டேரிலிருந்து எத்தனை கிலோ நைட்ரஜன் வெளியேறியது என்று கேட்டார். செறிவை ஓட்டத்தால் பெருக்கினால் சுமை வரும். பள்ளி மாணவரும் செய்யக்கூடிய பெருக்கல்தான். ஆனால் மாதிரி எடுத்த நாளுக்கும் அடுத்த மாதிரிக்கும் இடையில் ஒரு பெருமழை பெய்திருந்தால் எந்தச் செறிவால் பெருக்குவது? அந்த ஒரு கேள்விக்கு வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரும் வெவ்வேறு விடைகளைத் தந்தோம். எனக்கு அது இன்னொரு வகையில் உறைத்தது. எட்டு ஆண்டுகளாக லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வாரந்தோறும் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். அது வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேனே தவிர, ஆற்றுக்கு ஆண்டில் எத்தனை டன் போயிற்று என்று ஒருமுறைகூடக் கணக்கிட்டதில்லை. வரம்புக்குள் இருக்கும் நீரை இரண்டு மடங்கு விட்டால் ஆறு இரண்டு மடங்கு சுமையைத்தான் வாங்குகிறது. படிப்புக்குக் கட்டிய பணத்தில் பாதி அந்த வாரமே திரும்பி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

களப்பயிற்சி வாரத்தில் மண் கார்பனை அளந்தோம். படிப்பின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மண்ணில் ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பதைக் கணிக்க மூன்று எண்கள் வேண்டும்: எவ்வளவு ஆழம், அந்த மண்ணின் பரும அடர்த்தி, அதில் கார்பனின் விழுக்காடு. 30 சென்டிமீட்டர் ஆழம், கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் அடர்த்தி, 1.5 விழுக்காடு கார்பன் என்று வைத்துக்கொண்டால் ஹெக்டேருக்கு 58.5 டன் வருகிறது. கார்பன் விழுக்காட்டை ஆய்வகம் நன்றாகவே அளந்து தந்துவிடும். உலர் எரிப்பு முறைக்கும் பழைய வாக்லி–பிளாக் முறைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டாவது முறையில் கார்பன் முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடையாது, ஏறத்தாழ 77 விழுக்காடுதான் அடையும் என்று கொண்டு 1.3ஆல் பெருக்குவார்கள். அந்தப் பெருக்கெண் எல்லா மண்ணுக்கும் பொருந்துவதில்லை.

சிக்கல் பரும அடர்த்தியில் இருந்தது. உலோக வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, அதில் அடங்கிய மண்ணை உலர்த்தி எடைபோட வேண்டும். சுத்தியலை ஓங்கி அடித்தால் மண் இறுகிவிடும், மெல்ல அடித்தால் ஓரம் உதிர்ந்துவிடும். ஒரே வயலில் பத்து அடி இடைவெளியில் எங்கள் குழுவின் நால்வருக்கும் 1.2 முதல் 1.4 வரை எண்கள் வந்தன. நாங்கள் சராசரி எடுக்கப் போனோம். களப்பயிற்றுநர் தடுத்து, வேறொரு கணக்கைக் கொடுத்தார். இந்த வயல் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 0.3 டன் கார்பனைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து ஆண்டுகள் கழித்து வந்து அளந்தால் அந்த மாற்றம் உங்கள் வளையத்துக்குத் தெரியுமா என்று கேட்டார். ஐந்து ஆண்டுகளில் சேர்வது 1.5 டன். அடர்த்தியில் 0.1 தவறினால் வரும் பிழை 4.5 டன். தேடும் பொருளைப் போல் மூன்று மடங்கு பெரிய பிழையைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். உழவு முறையை மாற்றினால் மண் இறுகுவதும் தளர்வதும் உண்டு என்பதால், ஒரே ஆழத்தை இரண்டு முறை அளந்தால் இரண்டு வெவ்வேறு அளவு மண்ணைத்தான் ஒப்பிடுகிறோம் என்பதையும், அதனால் ஆழத்தை விட்டுவிட்டுச் சமமான மண் எடையை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பதையும் அன்று மாலை அந்த வயல் வரப்பில் நின்றே கற்றோம். வேளாண் நிலத்தில் கார்பனைச் சேமித்துத் தருகிறோம் என்று விற்கப்படும் சான்றுகளை அதன்பின் என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. களப்பயிற்சி ஆண்டுக்கு ஒரு வாரம்தான் என்பது இந்தப் படிப்பின் மீது என் முதல் மனக்குறை. மூன்று வாரங்களாவது இருந்திருக்க வேண்டும்.

அதைத் தொடர்ந்து வந்த மாதிரியாக்கப் பாடம் சுமார். பார்ட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987இல் புல்வெளி மண்ணுக்காக வெளியிட்ட செஞ்சுரி மாதிரியை இயக்கிப் பார்த்தோம். மண்ணின் கரிமப் பொருளைச் சில ஆண்டுகளில் சிதைவது, சில பத்தாண்டுகள் தங்குவது, நூற்றாண்டுகளுக்கு அசையாதது என்று மூன்றாகப் பிரிக்கும் எளிய கட்டமைப்பு அது. கருத்து தெளிவாகப் புரிந்தது, ஆனால் மென்பொருளை நிறுவுவதிலேயே இரண்டு வகுப்புகள் போய்விட்டன.

இரண்டாம் பருவத்தின் பசுங்குடில் வாயுக் கணக்கியல்தான் பெரும்பாலோர் இந்தப் படிப்பில் சேர்வதற்கே காரணம். வேலை என்ற அளவில் பார்த்தால் இதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை. 2001இல் வெளிவந்த பசுங்குடில் வாயு நெறிமுறையின் நிறுவனத் தரநிலையை வரிவரியாகப் படித்தோம். நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள் முதல் வரம்பு, வாங்கும் மின்சாரம் இரண்டாம் வரம்பு, வழங்குநரிலிருந்து வாடிக்கையாளர் வரை மற்றவை அனைத்தும் மூன்றாம் வரம்பு. இவற்றில் மூன்றாவதற்கு மட்டும் 15 பிரிவுகள் உண்டு. இரண்டாம் வரம்புக்கு 2015இல் வந்த வழிகாட்டுதலின்படி இரண்டு எண்களைத் தர வேண்டும். மின்கட்டமைப்பின் சராசரியைக் கொண்டு ஒன்று, நிறுவனம் வாங்கிய புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றுகளைக் கணக்கில் கொண்டு இன்னொன்று. இவற்றில் எதை அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள், எதை 80ஆம் பக்கத்தில் வைக்கிறார்கள் என்று பார்த்தாலே ஒரு நிறுவனத்தின் அறிக்கையைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்று ஆசிரியர் சொன்னார். அவர் தணிக்கைத் துறையிலிருந்து வந்தவர், அறிக்கைகளைப் படிக்கும் கூர்மை அவரிடம் நிறையவே இருந்தது. மூன்று பழைய அறிக்கைகளைக் கொடுத்து, முந்தைய ஆண்டோடு ஒப்பிடும்போது எல்லை எங்கே சத்தமில்லாமல் சுருக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்ன பயிற்சியை இன்றும் என் பணியில் அப்படியே பயன்படுத்துகிறேன்.

ஆனால் படிப்பின் மிகப் பெரிய பிளவும் இங்கேதான் தெரிந்தது. வயலில் இடும் நைட்ரஜன் உரத்திலிருந்து வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, இட்ட நைட்ரஜனில் 1 விழுக்காடு நேரடியாக நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது முதல் நிலை இயல்பு மதிப்பு, அதாவது சொந்த அளவீடு இல்லாதபோது எடுத்துக்கொள்ளும் பொது எண். 100 கிலோ நைட்ரஜன் இட்டால் 1 கிலோ நைட்ரஜன் அப்படிப் போகும், அதை வாயுவின் எடையாக மாற்ற 44/28ஆல் பெருக்கினால் 1.57 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுப் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல் 273 மடங்கு என்று கொண்டால் ஏறத்தாழ 429 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கணக்கியல் பாடத்தில் இந்த எண்ணை விரிதாளின் ஒரு கட்டத்தில் இட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டோம். ஆனால் அதே வழிகாட்டுதல், அதே அட்டவணையில், அந்த 1 விழுக்காட்டுக்கு 0.3 முதல் 3 வரை என்று ஒரு வீச்சையும் தருகிறது. அப்படியானால் விடை 129 கிலோவாகவும் இருக்கலாம், 1,287 கிலோவாகவும் இருக்கலாம். முதல் பருவத்தில் மண்ணின் ஈரமும் வெப்பமும் ஆக்சிஜன் இன்மையும் சேர்ந்து இந்த வாயுவை எப்படி ஆக்குகின்றன என்று நான்கு வாரங்கள் படித்திருந்தோம், வீச்சு ஏன் இவ்வளவு அகலம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனவே நான் வகுப்பில் கேட்டேன். படிவத்தில் அதற்கு நிரல் இல்லை என்பது பதிலாக வந்தது.

அந்தப் பதிலை நான் ஆசிரியரின் குறையாகச் சொல்லவில்லை. அலுவலகங்களில் புழங்கும் படிவங்கள் அப்படித்தான் இருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் ஒரே பட்டத்தின் இரண்டு பாடங்கள் ஒன்றையொன்று அறியாமல் நடப்பது படிப்பை வகுத்தவர்களின் குறை. முதல் பருவத்தில் பிழையைச் சொல்லாத எண்ணுக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டாம் பருவத்தில் பிழையைச் சேர்த்து எழுதினால், படிவத்துக்கு வெளியே எழுதியதற்காக மதிப்பெண் குறைகிறது. இரண்டு ஆசிரியர்களும் ஒருவர் வகுப்பில் மற்றவர் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்திருந்தால் போதும், இது தீர்ந்திருக்கும். கருத்துக் கேட்புப் படிவத்தில் இதை எழுதினேன். என் அடுத்த அணி மாணவர்களிடம் விசாரித்ததில் எதுவும் மாறவில்லை என்று தெரிகிறது.

காடும் சதுப்பு நிலமும் நமக்குத் தரும் பயன்களுக்கு மதிப்புக் காணும், சூழல்மண்டலச் சேவைகளின் மதிப்பீடு என்ற பாடம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. கொஸ்டான்சா குழுவினர் 1997இல் உலகச் சூழல்மண்டலங்களின் சேவைகளை ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டு வெளியிட்ட கட்டுரையை முதல் வாரமே படிக்கக் கொடுத்தார்கள். அன்றைய உலக நாடுகளின் மொத்த உற்பத்தியைவிட அது ஏறத்தாழ இரு மடங்கு. உலகில் உள்ளோர் அனைவரும் தம் வருமானம் முழுவதையும் கொடுத்தாலும் வாங்க முடியாத ஒன்றுக்கு விலை என்று எதைச் சொல்கிறீர்கள் என்று பொருளியலாளர்கள் கேட்டார்கள். ஒருவர், முடிவிலியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்று கேலியும் செய்தார். ஒரு சதுப்பு நிலத்தில் ஒரு ஹெக்டேர் குறைந்தால் என்ன இழப்பு என்ற கேள்வியும், உலகின் சதுப்பு நிலங்கள் முழுவதும் இல்லாமல் போனால் என்ன இழப்பு என்ற கேள்வியும் வெவ்வேறு வகையானவை என்பதை அந்த விவாதம் நன்றாகப் பதியவைத்தது. அங்கிருந்து, 2021இல் ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிவர ஆணையம் ஏற்றுக்கொண்ட சூழல்மண்டலக் கணக்கியல் கட்டமைப்புக்கு வந்தோம். பரப்பு எவ்வளவு, நிலை எப்படி என்று முதலில் பதிந்துவிட்டுப் பணமதிப்பைப் பிறகு வைத்துக்கொள்ளும் அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. மாறாக, பொது வளங்களை மக்கள் தாமே விதி வகுத்துக் காத்துவருவதை ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரோமுக்கு ஒரே ஒரு வகுப்புதான் ஒதுக்கியிருந்தார்கள். நிலைத்தன்மை என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் படிப்பு, நிலத்தில் வாழும் மனிதர்களை இவ்வளவு சுருக்கமாக முடித்திருக்கக் கூடாது.

தொலையுணர்வுப் பாடத்தைப் பற்றி நடுநிலையாகத்தான் சொல்ல முடிகிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையின் 1972 முதலான பதிவுகளும், சென்டினல்–2இன் 10 மீட்டர் நுணுக்கப் படங்களும் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் இந்தத் திறமை கட்டாயம் வேண்டும். வகுப்பில், தாவரப் பசுமையை எண்ணாகக் காட்டும் பசுமைக் குறியீட்டு வரைபடங்களை அழகாகத் தயாரிக்கக் கற்றோம். அடர்ந்த காட்டில் அந்தக் குறியீடு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது, மரம் இரண்டு மடங்கு பருத்தாலும் படத்தில் அதே பச்சைதான் தெரியும் என்பதைப் பருவத்தின் கடைசி வாரத்தில்தான் சொன்னார்கள். முதல் வாரத்தில் சொல்லியிருக்க வேண்டியது அது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாடத்துக்கு ஆர் மொழியில் நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும், நேரியல் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு வரை புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்க்கைக் குறிப்பேட்டில் எங்குமே சொல்லவில்லை. மேலாண்மைப் பின்னணியிலிருந்து வந்த மூவர் இந்தப் பருவத்தோடு நின்றுவிட்டார்கள். அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். மூன்று மாத முன்பயிற்சி கொடுத்திருந்தால் தொடர்ந்திருப்பார்கள்.

நிலைத்தன்மைத் தலைமைப் பண்புகள் என்றொரு பாடமும் இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கடைசிப் பருவத்தின் திட்டப்பணிக்கு எங்கள் மூவர் குழுவுக்குக் கிடைத்தது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மரம் நட்டு மீட்கப்பட்ட ஒரு நிலம். அதைப் பராமரிக்கும் அமைப்பு, அங்கே எவ்வளவு கார்பன் சேர்ந்திருக்கிறது என்று கேட்டது. மரத்தை வெட்டாமல் எடையைக் கணிக்க, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் விட்டம், மரத்தின் உயரம், கட்டையின் அடர்த்தி ஆகிய மூன்றையும் ஒரு சமன்பாட்டில் இட வேண்டும். வெப்பமண்டல மரங்களுக்கு ஷாவே குழுவினர் 2014இல் வெளியிட்ட சமன்பாடு பரவலாகப் பயன்படுகிறது. உலர் எடையில் 47 விழுக்காடு கார்பன் என்பது வழக்கமான இயல்பு மதிப்பு. அந்தச் சமன்பாட்டில் விட்டம் ஏறத்தாழ இருமடிப் பெருக்கமாக வருவதால், நாடாவைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து விட்டத்தில் 5 விழுக்காடு கூடுதலாகப் படித்துவிட்டால் எடையில் 10 விழுக்காடு கூடிவிடும். நாங்கள் முதல் இரண்டு நாள் அளந்ததை மூன்றாம் நாள் மறுபடி அளந்து பார்த்து, எங்களில் ஒருவர் தொடர்ந்து சாய்வாகப் பிடித்திருப்பதைக் கண்டோம். அந்த ஒருவர் நான்தான்.

அறிக்கை கொடுக்கும் நாளில் சிக்கல் எழுந்தது. அமைப்பினர் ஒரே ஓர் எண்ணை எதிர்பார்த்திருந்தார்கள், நாங்கள் ஒரு சராசரியையும் அதன் இருபுறமும் ஏறத்தாழக் கால் பங்கு அளவுக்கு ஒரு வீச்சையும் தந்தோம். இவ்வளவு அகலமான விடைக்கா மூன்று மாதம் எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. நிதி வழங்குவோரிடம் அவர்கள் காட்ட வேண்டியது ஓர் எண். திட்டப்பணியின் மேற்பார்வையாளர், இந்த இடத்தில் படிப்பிலேயே மிகப் பயனுள்ள ஒரு மணி நேரத்தை எங்களுக்குக் கொடுத்தார். வீச்சை மறைக்கவும் சொல்லவில்லை, பிடிவாதமாக நிற்கவும் சொல்லவில்லை. வீச்சு எதனால் வருகிறது என்பதைப் பிரித்துக் காட்டுங்கள் என்றார். பிரித்துப் பார்த்தபோது, பெரும்பகுதி சமன்பாட்டிலிருந்தோ நாடாவிலிருந்தோ வரவில்லை, மாதிரிப் பரப்புகள் போதாமையிலிருந்து வந்தது என்று தெரிந்தது. நிலத்தின் ஒரு பக்கம் மரங்கள் நெருக்கமாகவும் மறுபக்கம் கலைந்தும் இருந்ததை நாங்கள் ஒரே பரப்பாகக் கொண்டிருந்தோம். நிலத்தை இரண்டாகப் பகுத்து, இன்னும் பன்னிரண்டு மாதிரிப் பரப்புகளை அளந்தால் வீச்சு பாதியாகக் குறையும் என்று கணக்கோடு எழுதிக் கொடுத்தோம். அவர்கள் அதற்கான செலவைக் கேட்டறிந்து, அடுத்த ஆண்டே அளக்கச் சொன்னார்கள். முதல் பருவத்தின் அறிவியலும் இரண்டாம் பருவத்தின் அறிக்கைக் கலையும் ஒரே மேசையில் உட்கார்ந்தது இந்தப் படிப்பில் அந்த ஒரு முறைதான். அதற்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வைத்திருக்க வேண்டியதில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். படிப்பின் வேலைவாய்ப்புப் பிரிவு தற்குறிப்பைத் திருத்திக் கொடுத்தது, இரண்டு இணையவழிச் சந்திப்புகளை நடத்தியது, அவ்வளவுதான். ஆனால் சந்தை வேறு காரணங்களால் திறந்திருக்கிறது. 2022இல் குன்மிங்–மான்ட்ரியல் உடன்பாடு, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்பதோடு, பெரிய நிறுவனங்கள் பல்லுயிர் மீது தமக்குள்ள சார்பையும் தாக்கத்தையும் வெளியிடச் செய்யும் நடவடிக்கைகளை அரசுகள் எடுக்க வேண்டும் என்றும் கூறியது. 2023 செப்டம்பரில் இயற்கை சார்ந்த நிதி வெளிப்பாடுகளுக்கான பணிக்குழு தன் இறுதிப் பரிந்துரைகளை வெளியிட்டது. கார்பன் கணக்கை ஒரு கணக்காளர் ஓரளவு கற்றுக்கொண்டுவிடலாம். ஓர் ஆலை எந்த நீர்ப்பிடிப்பில் இருக்கிறது, அங்கே எது குறைந்தால் ஆலை நின்றுபோகும் என்று எழுத, சூழல்மண்டலம் படித்த ஒருவர் வேண்டும். நான் வேறு நிறுவனத்துக்குப் போகவில்லை. அதே நிறுவனத்தில் மேசை மாறியிருக்கிறது, ஊதியமும் ஓரளவு கூடியிருக்கிறது, நீண்ட கூட்டங்களும் கூடியிருக்கின்றன.

பள்ளி இறுதி அளவிலாவது வேதியியல் நினைவில் உள்ள, ஏற்கெனவே ஏதோ ஓர் அளவீட்டோடு தொடர்புடைய பணியில் இருக்கும் ஒருவருக்கு இந்தப் படிப்பைத் தயங்காமல் சொல்வேன். இயற்கையின் மீதுள்ள அன்பினால் மட்டும் சேர நினைப்பவர்களுக்கு முதல் பருவம் கசக்கும், ஏனென்றால் காட்டைவிட விரிதாளையே அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். விண்ணப்பிக்கும் முன் சேர்க்கை அலுவலகத்திடம், களத்தில் எத்தனை நாள் என்பதையும், புள்ளியியலுக்கு முன்பயிற்சி உண்டா என்பதையும், திட்டப்பணிக்கு நிறுவனத்தை அவர்கள் தேடித் தருவார்களா, நாமே தேட வேண்டுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. முடிந்தால் கடந்த ஆண்டின் திட்டப்பணி அறிக்கை ஒன்றைக் கேட்டுப் பெற்று, அதில் ஏதாவது ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல்–கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சேர்வதா வேண்டாமா என்பதை என்னுடைய இந்த நீண்ட மதிப்பீட்டைவிட அந்த அறிக்கை விரைவாகச் சொல்லிவிடும்.

பட்டம் வாங்கிய பின் எங்கள் அலுவலகத்தின் கார்பன் விரிதாளில் வீச்சு என்ற தலைப்பில் ஒரு நிரலைச் சேர்த்தேன். மொத்தம் 31 வரிகளில் இதுவரை ஒன்பதை நிரப்பியிருக்கிறேன். முதல் ஆண்டில் அந்த நிரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இந்த ஆண்டு வெளித்தணிக்கையர், மீதி 22 எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார்.